ஆய்வகக் கட்டடத்தில் மின்சாரத்தைத் தின்பது காற்று: கணக்குப் போட்டுக் கட்டும் முறை

ஆய்வு வளாகத்தில் புதுக் கட்டடம் என்றதும் பேச்சு கண்ணாடி, கூரை, சூரியத் தகடு என்று போய்விடும். வேதியியலும் உயிரியலும் நடக்கும் கட்டடத்தில் மின்சாரத்தின் பெரும்பங்கு காற்றுக்குத்தான் போகிறது. ரசாயன ஆவி கலந்த காற்றை மறுபடி அறைக்குள் சுற்றவிட முடியாது. வெளியிலிருந்து இழுத்து, குளிர்வித்து, ஈரம் நீக்கி, ஒரே ஒருமுறை அறைக்குள் விட்டு, அப்படியே கூரைக்கு மேல் தள்ளிவிடுகிறோம். இது இரவும் பகலும், விடுமுறையிலும் நடக்கிறது. அதே பரப்புள்ள அலுவலகக் கட்டடத்தைவிட ஆய்வகம் பல மடங்கு மின்சாரம் எடுப்பதற்கு இதுவே முதற்காரணம்.

இதன் அளவைப் பாருங்கள். வெளியே 35 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம். அந்தக் காற்றில் நொடிக்கு 1 கன மீட்டரை 13 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 60 கிலோவாட் குளிர்விப்பு வேண்டும். அதாவது ஏ.சி. கணக்கில் 17 டன். அதில் பாதிக்கும் மேல் ஈரத்தைப் பிழிந்தெடுக்கவே செலவாகிறது. 100 சதுர மீட்டர் பரப்பும் 3 மீட்டர் உயரமும் உள்ள அறையில் மணிக்கு 12 முறை காற்றை மாற்றினால் வருவது சரியாக இந்த நொடிக்கு 1 கன மீட்டர்தான். 6 முறை போதும் என்று நிரூபிக்க முடிந்தால் 30 கிலோவாட் மிச்சம். எந்தக் கண்ணாடியும் ஓர் அறைக்கு இவ்வளவு மிச்சம் தராது. ஆகவே வரைபடத்துக்கு முன்னால் காற்றுக் கணக்கு வரவேண்டும்.

அறைவாரிப் பட்டியல்

ஒவ்வோர் அறைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: என்ன ரசாயனம், எவ்வளவு, எத்தனை ஃபியூம் ஹூட் (ரசாயன ஆவியை உறிஞ்சி வெளியேற்றும், முன்புறம் திறப்புள்ள பெட்டி), கருவிகள் உண்மையில் விடும் வெப்பம் எவ்வளவு, எத்தனை பேர், எந்த நேரம். இதை ஆய்வாளர்களோடு உட்கார்ந்துதான் எழுத வேண்டும். படிவத்தை அனுப்பி வைத்தால், பின்னால் தேவைப்படலாம் என்று எல்லோரும் உச்ச அளவையே நிரப்பி அனுப்புவார்கள்.

ஓர் அறையின் காற்றளவை நிர்ணயிப்பவை மூன்று: ஹூட்டுகள் இழுக்கும் அளவு, வெப்பத்தை வெளியேற்றத் தேவையான அளவு, பாதுகாப்புக்கான குறைந்தபட்ச மாற்றம். இவற்றில் எது பெரிதோ அதுவே அறையின் அளவு. மூன்றையும் தனித்தனிப் பத்திகளில் எழுதி, எது ஆள்கிறது என்று ஒவ்வோர் அறைக்கும் வட்டமிடுங்கள். ஹூட் ஆளும் அறையில் கருவி வெப்பத்தைக் குறைத்துப் பயனில்லை. வெப்பம் ஆளும் அறையில் ஹூட்டைக் குறைத்தும் பயனில்லை.

குறைந்தபட்ச மாற்றம் என்று ஆள் இருக்கும்போது மணிக்கு 6 முதல் 8 முறை வரையும், ஆள் இல்லாதபோது 4 வரையும் வைப்பது பரவலான பழக்கம். எல்லா அறைக்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று 12 எழுதுவது ஆபத்தைக் குறைத்துவிடாது. திறந்த மேசையில் கொட்டிய கரைப்பானுக்கு அருகில் நிற்பவரைக் காப்பது ஹூட்டும் நல்ல பழக்கமும்தான். இந்த எண்ணை வளாகத்தின் பாதுகாப்பு அலுவலர் இடர் மதிப்பீடு செய்து, அறைவாரியாகக் கையெழுத்திட்டுத் தரவேண்டும். வடிவமைப்பாளர் தானாக முடிவுசெய்யக் கூடாது.

பட்டியல் முடிந்ததும், ஆய்வகக் காற்று தேவைப்படாத வேலைகளை எல்லாம் வெளியே எடுங்கள். எழுதும் மேசைகள், கணினி, கூட்ட அறை, கண்ணாடிப் பொருள் சேமிப்பு, உறைபெட்டிகள் எல்லாம் இதில் சேரும். மாணவரின் எழுதுமேசை ஆய்வகத்துக்குள் இருந்தால், அந்த மேசைக்கு மேலுள்ள காற்றும் ஒருமுறை குளிர்ந்து வெளியே போகிறது. கண்ணாடித் தடுப்பு வைத்துப் பிரித்தால் பார்வையும் மறையாது, காற்றும் மிஞ்சும். அலுவலகப் பகுதியின் சுத்தமான காற்றை அப்படியே ஆய்வகத்துக்குள் நகர்த்தினால் அதே காற்று இரண்டு முறை வேலை செய்யும். எதிர்த் திசையில் மட்டும் ஒருபோதும் போகக் கூடாது.

ஃபியூம் ஹூட்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

திறப்பு 1.5 மீட்டர் அகலம், சாஷ் (ஹூட்டின் முன்புறம் ஏற்றி இறக்கும் கண்ணாடிக் கதவு) 45 சென்டிமீட்டர் திறப்பு, முகவேகம் (அந்தத் திறப்பு வழியே காற்று உள்ளே நுழையும் வேகம்) நொடிக்கு 0.5 மீட்டர் என்று கொள்ளுங்கள். மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 0.34 கன மீட்டர். மணிக்கு ஏறத்தாழ 1,200 கன மீட்டர். மேலே சொன்ன வெளிவானிலையில் இது 20 கிலோவாட் குளிர்விப்பு. ஒரே ஒரு ஹூட்டுக்கு இவ்வளவு. சாஷை 70 சென்டிமீட்டர் வரை திறந்து வடிவமைத்தால் மணிக்கு 1,900 கன மீட்டராக ஏறும்.

குறைக்க நான்கு வழிகள் உண்டு. இங்கே சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள்.

முதலில் எண்ணிக்கை. ஹூட்டுக்குள் பாட்டில்கள் அடுக்கி வைத்திருந்தால் அது ஹூட் அல்ல, விலையுயர்ந்த அலமாரி. காற்றோட்டமுள்ள ரசாயனப் பெட்டகம் மிகக் குறைந்த காற்றில் அந்த வேலையைச் செய்யும். கரைப்பானை அளந்து ஊற்றவும் எடைபோடவும் மட்டுமே ஹூட் பயன்படுகிறது என்றால், நெகிழ்கை உறிஞ்சுகுழாய் போதுமா என்று கேளுங்கள். இரண்டு குழுக்கள் பகிர முடியுமானால் பகிரட்டும். ஆனால் குழாய்வழியில் பின்னால் சேர்க்க இணைப்பு முனைகளை மூடி விட்டுவையுங்கள். பின்னால் கிடைக்காது என்ற பயமே எண்ணிக்கையை ஏற்றுகிறது.

இரண்டாவது, மாறும் காற்றளவு. நிலையான காற்றளவு ஹூட்டில் சாஷை மூடினாலும் மேலுள்ள மாற்றுவழியாக அதே காற்று போய்க்கொண்டிருக்கும். மூடியதால் ஒரு பைசா மிஞ்சாது. மாறும் காற்றளவு ஹூட்டில் சாஷ் இறங்க இறங்க வால்வு ஒடுங்கும். மூடிய நிலைக் காற்றளவுக்கு அமெரிக்கத் தர ஆவணமான ஏ.என்.எஸ்.ஐ. இசட் 9.5 தரும் வழிகாட்டல், ஹூட்டின் உட்கொள்ளளவை மணிக்கு 150 முதல் 375 முறை மாற்றுவது. உட்கொள்ளளவு 1 கன மீட்டர் என்றால் 150 முதல் 375 கன மீட்டர். 1,200 உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். எரியும் ஆவியோ அரிக்கும் அமிலமோ அதிகம் புழங்கினால் மேல் எல்லையை ஒட்டி வையுங்கள்.

மூன்றாவது, சாஷை மூடவைத்தல். மாறும் காற்றளவு முழுதும் இதை நம்பித்தான் நிற்கிறது. எதிரே ஆள் இல்லாவிட்டால் தானாக இறங்கும் மூடி நல்லது. அதற்கு வழியில்லையென்றால், சாஷ் உயரத்தையும் காற்றளவையும் ஹூட்டின் முகப்பிலேயே காட்டும் சிறு திரையும் மாதாந்தரக் குழுவாரி அறிக்கையும் பலன் தரும். மூடாவிட்டால் என்ன ஆகும்? கட்டடம் நிலையான காற்றளவுக் கட்டடம் போலவே ஓடும். வால்வுகளுக்குச் செலவழித்தது வீண்.

நான்காவதாகத்தான் முகவேகம். உயர்திறன் ஹூட்டுகள் 0.3 முதல் 0.4 மீட்டரில் ஆவியை அடக்கும். இந்த எண்ணைத் தயாரிப்பாளர் அட்டையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். தடங்காண் வாயுச் சோதனையை (ஹூட்டுக்குள் ஒரு வாயுவை விட்டு, வெளியே கசிகிறதா என்று அளப்பது; ஆஷ்ரே 110 அல்லது ஈ.என். 14175 என்ற தர ஆவணத்தின்படி) தொழிற்சாலையில் ஒருமுறை, அறையில் நிறுவியபின் இன்னொருமுறை செய்யச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தொழிற்சாலையில் தேறிய ஹூட் அறையில் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஹூட் அல்ல. எதிரே உள்ள டிஃப்யூசர், அதாவது அறைக்குள் காற்றை விடும் வாய். சாஷுக்கு முன்னால் குறுக்குக் காற்று முகவேகத்தில் பாதியைத் தாண்டினால் ஆவி வெளியே சுழன்று வரும். 0.4 மீட்டர் ஹூட்டுக்கு முன் 0.2 என்பதே எல்லை, 0.12 அளவுக்குக் கொண்டுவந்தால் நிம்மதி. அதனால் ஹூட்டுக்கு அருகில் வீசும் வகை டிஃப்யூசர் வேண்டாம். துளைத்தகடு வகையைப் பரப்பி வையுங்கள். ஹூட்டைக் கதவுக்கும் ஆள் நடக்கும் வழிக்கும் எட்டத் தள்ளி, அறையின் கோடியில் வையுங்கள்.

கருவி வெப்பம்

பெயர்ப்பலகையில் 2 கிலோவாட் என்று இருக்கும் கருவி நாள் முழுதும் 2 கிலோவாட் எடுப்பதில்லை. எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் ஓடுவதும் இல்லை. பலகை எண்களைக் கூட்டிக் குளிர்விப்பை வடிவமைத்தால் சில்லரும் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) விசிறியும் தேவைக்கு மிகப் பெரிதாகிவிடும். ஆயுள் முழுவதும் கால்வாசிப் பளுவில் திக்கித்திக்கி ஓடும். வழி எளிது: வளாகத்தில் இப்போதுள்ள அதேவகை ஆய்வகத்தின் மின்பிரிவுப் பலகையில் இரண்டு வாரம் மீட்டர் மாட்டி, 15 நிமிட இடைவெளியில் பதிவெடுங்கள். அந்த உச்சத்தின்மேல் 25 சதவீதம் சேர்த்து வடிவமைத்தால் போதும்.

மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிகளைத் தனியாகப் பாருங்கள். பழைய பெட்டி ஒன்று நாளைக்கு 20 யூனிட் வரை எடுக்கும். அப்படி 20 பெட்டிகள் என்றால் நாளைக்கு 400 யூனிட். இடைவிடாமல் 17 கிலோவாட் அடுப்பு எரிவது போல. இதை ஆய்வகத்துக்குள் வைத்தால் அந்த வெப்பத்தை வெளிக்காற்றால் கழுவ வேண்டியிருக்கும். தனி அறையில் வைத்துச் சுழற்காற்றால் குளிர்வியுங்கள். அங்கே ரசாயன ஆவி இல்லாததால் காற்றைத் திருப்பி விடுவதில் தடையில்லை. மாதிரிகள் தாங்கும் என்று ஆய்வாளர் ஒப்பினால் மைனஸ் 70க்கு உயர்த்துவது பெட்டியின் மின்சாரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் குறைக்கும். புதிய ரக உறைபெட்டிகள் பழையவற்றின் பாதியளவே எடுக்கின்றன.

குளிர்விப்பைக் காற்றிலிருந்து பிரியுங்கள்

பல ஆய்வகங்களில் நடப்பது இது. ஒரே ஏ.எச்.யூ. (காற்றைக் குளிர்வித்து அனுப்பும் பெரிய பெட்டி) பத்து அறைக்கு 13 டிகிரிக் காற்று அனுப்புகிறது. ஓர் அறையில் கருவி அதிகம். அதற்கு 13 வேண்டும். மற்ற ஒன்பதும் உறைகின்றன. அதனால் அந்த ஒன்பது அறையின் வாயிலிலும் சூடேற்றி, 18 அல்லது 20 டிகிரியில் விடுகிறார்கள். சில்லர் குளிர்விக்க, ஹீட்டர் சூடாக்க, இரண்டுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறுகிறது.

இதற்கு மாற்று: வெளிக்காற்றை ஈரம் நீக்கி, குறைந்தபட்ச அளவில் மட்டும் அனுப்புங்கள். அறையின் வெப்பத்தை அந்தந்த அறையிலேயே ஃபேன் காயில் (காயில் எனும் குளிர்நீர்க் குழாய்ச்சுருளும் சிறு விசிறியும் கொண்ட பெட்டி) அல்லது குளிர்நீர் பீம் (கூரையில் தொங்கும், குளிர்நீர் ஓடும் நீளமான கருவி) கொண்டு எடுங்கள். ஈரம் நீக்கும் காயிலுக்கு 6, 7 டிகிரி நீர் வேண்டும். அறை பீமுக்கு 14 முதல் 16 டிகிரி நீரே போதும். இரண்டாவது சுற்றுக்குத் தனிச் சில்லர் வைத்தால், நீரின் வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் அதன் திறன் 2, 3 சதவீதம் கூடும்.

பீமில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. யாராவது சன்னலையோ கதவையோ திறந்து வைத்தால் அறையின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) ஏறி, பீமிலிருந்து மேசைமேல் சொட்டும். அறைக்கு ஒரு பனிநிலை உணரி வையுங்கள். நீர் வெப்பநிலை எப்போதும் பனிநிலைக்கு மேல் 1, 2 டிகிரி நிற்குமாறு கட்டுப்பாட்டில் எழுதுங்கள். எல்லை மீறினால் வால்வு மூடட்டும். ஈரப்பதம் மிகுந்த வெப்பமான நாடுகளில் பீமைவிட வடிதட்டு உள்ள ஃபேன் காயிலே எங்கள் பரிந்துரை. ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்க மறுசூடாக்கல் கட்டாயம் என்றால், குளிர் காயிலைச் சுற்றி முன்னும் பின்னும் சுற்றுக்காயிலோ வெப்பக்குழாயோ போடுங்கள். காயிலுக்குள் வரும் காற்றின் சூடே காயிலைத் தாண்டிப் போகும் குளிர்ந்த காற்றைச் சூடாக்கிவிடும், ஹீட்டர் வேண்டாம்.

விசிறி மின்சாரம் கட்டட வரைபடத்தில் முடிவாகிறது

நொடிக்கு 10 கன மீட்டர் காற்று, 1,500 பாஸ்கல் எதிர்ப்பு, மொத்தத் திறன் 60 சதவீதம் என்றால் விசிறிக்கு 25 கிலோவாட். ஆண்டு முழுவதும் ஓடினால் 2.19 லட்சம் யூனிட். எதிர்ப்பை 800 பாஸ்கலுக்கு இறக்கினால் 13.3 கிலோவாட், ஒரு லட்சம் யூனிட்டுக்கு மேல் ஆண்டுதோறும் மிச்சம். இதற்குத் தேவைப்படுவது நவீனக் கருவி எதுவுமில்லை, இடம் மட்டுமே.

காயிலின் முகத்தில் காற்று நொடிக்கு 2.5 மீட்டர் ஓடுவது வழக்கம். அதை 1.75 ஆக்கினால் எதிர்ப்பு ஏறத்தாழப் பாதியாகும், ஆனால் ஏ.எச்.யூ. முகப்பு 43 சதவீதம் பெரிதாகும். அந்தப் பெரிய பெட்டிக்கு இயந்திர அறையில் இடமிருக்கிறதா? கட்டடக் கலைஞர் முதல் வரைவு போடும்போதே கேட்டு வாங்க வேண்டும், அப்புறம் கிடைக்காது. தள உயரமும் அப்படித்தான். ஆய்வகத் தளத்துக்கு 4 முதல் 4.5 மீட்டர் இருந்தால் டக்ட் (காற்றுக்குழாய்) நேராகப் போகும். 3.6 மீட்டரில் கட்டட உத்திரத்துக்குக் கீழே நெளிந்து தட்டையாகி, ஒவ்வொரு திருப்பத்திலும் அழுத்தம் தின்னும். நீள்பை வடிகட்டி, அகன்ற டக்ட், குறைந்த எதிர்ப்புள்ள காற்று வால்வு ஆகியவையும் உதவும். சத்தமடக்கியைப் போட்டுத்தான் தீரவேண்டும் என்றால் முதலில் விசிறியின் வேகத்தைக் குறையுங்கள். விசிறியின் மின்தேவை காற்றளவின் மும்மடிப் பெருக்கமாக மாறும்: காற்றை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் பாதியாகும். இரவில் காற்றைக் குறைப்பது இவ்வளவு பலன் தருவது இதனால்தான்.

வெளியேற்றக் குழாயை மறக்காதீர்கள். கூரைக்கு மேல் குறைந்தது 3 மீட்டர் உயரமும் நொடிக்கு 15 மீட்டர் அளவு வேகமும் வைத்தால்தான் ஆவி, வெளிக்காற்றை இழுக்கும் வாய்க்குத் திரும்பி வராது. குழாயைக் கொஞ்சம் உயர்த்தினால் வேகத்தைக் குறைக்க இடம் கிடைக்கும். எவ்வளவு என்பதைக் காற்றுச் சுரங்கச் சோதனை சொல்லும். பல ஹூட்டுகளை ஒரே பெருங்குழாயில் சேர்ப்பது நல்லது. பெர்குளோரிக் அமில ஹூட்டை மட்டும் சேர்க்கவே கூடாது. அதற்குத் தனி விசிறி, தனிக் கழுவுநீர் வசதி.

வெளியேறும் குளிரை மீட்க இரண்டு கருவிகள். ஈரத்தையும் சேர்த்து மீட்கும் சுழல்சக்கரம் 70 சதவீதத்துக்கு மேல் தரும், ஆனால் சிறிது காற்று இருபுறமும் கலக்கும். அறையின் பொதுக் காற்றுக்குச் சரி, ஹூட் காற்றுக்கு வேண்டாம். ஹூட் காற்றுக்கு இரண்டு காயிலும் நடுவே பம்பும் கொண்ட நீர்ச்சுற்று. பாதியளவு வெப்பத்தை மட்டும் மீட்கும், ஈரத்தைத் தொடாது. ஈரமான வானிலையில் அதன் பலன் குறைவு என்பதால், காயில் சேர்க்கும் எதிர்ப்பையும் பம்பையும் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று கணக்குப் பாருங்கள். சில இடங்களில் எதுவும் மிஞ்சாது.

சுவர், வெளிச்சம், கட்டமைப்பு

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் எல்லாக் கட்டடத்துக்கும் பொதுவானது. நீள்பக்கம் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். சுவரில் கண்ணாடி 40 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். வெயில் நாட்டில் தெற்குச் சன்னலுக்கு மேல்விதானம், மேற்குக்குச் செங்குத்து மறைப்பு, கூரைக்கு வெள்ளைப் பூச்சும் அடியில் காப்புப்பலகையும். விளக்குக்கு அறை முழுதும் 300 லக்ஸ், வேலை மேசைக்குத் தனி விளக்கு.

ஆய்வகத்துக்கே உரிய நுணுக்கம் ஒன்று: அறைக்கு இடையிலான சுவர் பொய்க்கூரையோடு நின்றுவிடக் கூடாது. தளம் வரை எழும்பி, குழாய் நுழையும் ஓட்டைகள் எல்லாம் அடைக்கப்பட வேண்டும். அறை தாழ்ந்த அழுத்தத்தில் நிற்க வெளியேற்றம் வரவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். சுவர் ஒழுகினால் அந்த வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டே போகவேண்டியிருக்கும், அத்தனையும் குளிர்வித்த காற்று.

கட்டுமானப் பொருளிலும் ஒரு முடிவு பெரும் பலன் தரும். மின்னணு நுண்ணோக்கி போன்ற அதிர்வு தாங்காத கருவிகளைத் தரைத்தளத்தில், மண்மேல் நிற்கும் தனிப்பலகையில் வையுங்கள். மேல்தளத்தில் வைத்தால் அந்தத் தளம் முழுவதையும் அதிர்வுக்காகத் தடிப்பாக்க வேண்டும்; கான்கிரீட்டும் கம்பியும் அதனால் கூடும். கான்கிரீட்டில் சிமெண்டின் ஒரு பங்குக்குப் பதில் அனல்மின் நிலையச் சாம்பலோ உலைக்கசடோ சேர்க்கலாம். ஆனால் ஆரம்ப வலிமை மெதுவாக ஏறும், முட்டு பிரிக்கும் நாளைத் தள்ளிவைக்க வேண்டும்.

தண்ணீர்

வெற்றிடத்துக்காகக் குழாயைத் திறந்துவிடும் பழைய நீர் உறிஞ்சியும், ஒருமுறை ஓடிச் சாக்கடைக்குப் போகும் குளிர்நீரும் ஆய்வகத்தின் பெரும் ஒழுக்குகள். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் நாளைக்கு 5,760 லிட்டர். மூடிய குளிர்நீர்ச் சுற்றுக்கு எல்லா மேசையிலும் இணைப்பு கொடுத்துவிட்டால் யாரும் குழாயைத் திறக்க வேண்டியதில்லை. ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வடிநீரைத் தணிக்க இடைவிடாமல் ஓடும் நீருக்கு, வெப்பம் பார்த்துத் திறக்கும் வால்வு போடுங்கள்.

ஏ.எச்.யூ. வடிநீரைச் சேமியுங்கள். முன்பு சொன்ன வானிலையில் நொடிக்கு 1 கன மீட்டர் வெளிக்காற்றிலிருந்து மணிக்கு 50 லிட்டர் நீர் பிழியப்படுகிறது, கிட்டத்தட்ட உப்பே இல்லாமல். கூலிங் டவருக்கு (சில்லரின் வெப்பத்தை நீரால் வெளியேற்றும் கோபுரம்) இதைவிட நல்ல நீர் கிடையாது. டவரின் செறிவுச் சுழற்சியை (நீரை வடித்துவிடுமுன் அதில் உப்பு எத்தனை மடங்கு செறிய விடுகிறோம் என்பது) 3இலிருந்து 6க்கு உயர்த்தினால் சேர்க்கவேண்டிய நீர் 20 சதவீதம் குறையும்.

வளாக அளவில்

இரவு 2 மணிக்குப் பளு எவ்வளவு என்று கேட்டுவிட்டுச் சில்லர்களைத் தேர்ந்தெடுங்கள். சம அளவில் மூன்று பெரிய சில்லர் வாங்கினால், இரவில் ஒன்றே 10 சதவீதப் பளுவில் அணைந்து அணைந்து எரியும். ஒன்று சிறியதாக இருக்கட்டும். கணினி மையம் வளாகத்தில் இருந்தால் அதன் வெப்பத்துக்கு வழி தேடுங்கள். அமெரிக்காவின் கோல்டன் நகரில் 2013இல் திறந்த எரிசக்தி ஒருங்கிணைப்பு ஆய்வுக் கட்டடத்தில் கணினிகள் வெதுவெதுப்பான நீரால் குளிர்விக்கப்படுகின்றன. அந்த வெப்பமே குளிர்காலத்தில் அலுவலகங்களைச் சூடாக்குகிறது. சூடு தேவைப்படாத நாட்டில் அது மறுசூடாக்கலுக்கும் கழுவுநீருக்கும் போகலாம்.

சூரியத் தகடு கடைசி. கிலோவாட்டுக்கு 5, 6 சதுர மீட்டர் தகடு வேண்டும். ஆய்வகக் கூரையிலோ விசிறியும் குழாயும் நிற்கின்றன. காற்றைப் பாதியாக்கிய பிறகு கூரையில் என்ன இடம் மிஞ்சுகிறதோ அதற்கு மதிப்புண்டு.

ஒப்படைப்பும் கண்காணிப்பும்

ஏ.எச்.யூ. விசிறி, வெளியேற்ற விசிறி, சில்லர், மேசை மின்சாரம், விளக்கு ஐந்துக்கும் தனித்தனி மீட்டர் கேளுங்கள். ஒரே மீட்டர் இருந்தால் எங்கே கசிகிறது என்று எக்காலத்திலும் தெரியாது. ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு ஹூட்டிலும் சாஷைத் திறந்து மூடி, எத்தனை நொடியில் காற்றளவு நிலைக்கிறது என்று பதியுங்கள். 5 நொடியைத் தாண்டினால் வால்வைச் சரிசெய்யச் சொல்லுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் பழைய ஆய்வகங்களின் ஆற்றலைப் பாதிக்கும் மேல் குறைத்ததில், அறைக்காற்றை உணரிகளால் இடைவிடாமல் அளந்து, தேவைக்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைத்தது ஒரு முக்கிய வழி. அந்த உணரிகளுக்கு அளவுதிருத்தம் செய்ய ஆளும் செலவும் ஒதுக்க முடியாவிட்டால் அவற்றைப் போடாதீர்கள். பிசகிய உணரி எந்நேரமும் உச்சக் காற்றைக் கேட்டுக்கொண்டிருக்கும், அல்லது வேண்டியபோது கேட்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதிகாலை 3 மணி நிலவரத்தைக் கட்டுப்பாட்டுத் திரையில் எடுத்துப் பாருங்கள். மொத்தக் காற்றளவு பகலின் பாதிக்கு வந்திருக்கிறதா, மறுசூடாக்கல் வால்வுகள் மூடியிருக்கின்றனவா, மூடியதாகக் காட்டும் குளிர்நீர் வால்வுக்குப் பின்னால் காற்று இன்னும் குளிர்ந்து வருகிறதா என்று. கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் வால்வு உள்ளே கசிகிறது. அன்றே எழுதிவைத்து, அடுத்த நிறுத்தத்தில் மாற்றுங்கள்.